0.39 கிகாஹெர்ட்ஸில் நின்றுவிட்ட செயலி: ஒரு மடிக்கணினியின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்தது 14 அங்குலத் திரை கொண்ட ஒரு மடிக்கணினி. உள்ளே இன்டெல் கோர் ஐ5-8250யு செயலி, 8 ஜிபி நினைவகம், ஒரு எஸ்எஸ்டி. உடன் வந்தது 65 வாட் சார்ஜர். ஒரு குறிப்பிட்ட நாள்வரை குறையின்றி ஓடிய கணினி, மறுநாள் முதல் எதற்கும் அசையாமல் போனது என்பதே உரிமையாளரின் முறையீடு. விசையைத் தட்டிச் சற்று நேரம் கழித்துத்தான் எழுத்து திரையில் தோன்றியது. உலாவியில் இரண்டாவது தாவலைத் திறந்தாலே முதல் தாவல் உறைந்து நின்றது. எங்களிடம் வருவதற்கு முன்பே விண்டோஸை முழுவதும் அழித்து மீண்டும் நிறுவியிருந்தார்கள், எஸ்எஸ்டியை மாற்றியிருந்தார்கள், விசிறியைக் கழற்றித் தூசி தட்டியிருந்தார்கள். எதனாலும் பயன் இல்லை. சார்ஜர் செருகியிருந்தாலும் சரி, பேட்டரியில் ஓடினாலும் சரி, ஒரே மாதிரி மந்தமாகத்தான் இருக்கிறது என்றும் உரிமையாளர் சேர்த்துச் சொன்னார். நேர்மையாகச் சொல்லப்பட்ட அந்த ஒரு வாக்கியம் ஆய்வை எவ்வளவு திசைதிருப்பக் கூடியது என்பது பிறகுதான் தெரிந்தது.

இத்தகைய முறையீடுகளில் நான் முதலில் கேட்பது மந்தம் படிப்படியாக வந்ததா, ஒரே நாளில் வந்ததா என்பதைத்தான். விசிறியில் தூசி அடைவது, செயலிக்கும் வெப்பக் கடத்திக்கும் இடையிலுள்ள பசை காய்ந்துபோவது, தேவையற்ற நிரல்கள் பின்னணியில் பெருகுவது ஆகிய எல்லாம் மாதக்கணக்கில் கூடிக்கொண்டே வருபவை. ஒரே இரவில் வேகம் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால், ஏதோ ஒன்று செயலிக்கு வரம்பு விதித்திருக்கிறது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் தேடல் ஒரே கேள்விக்குள் சுருங்கிவிடும்: இந்த வரம்பை விதித்தது யார்?

எண்கள் சொன்னவை

கணினியின் ஓட்டத்தைக் காட்டும் விண்டோஸ் கருவியான டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில் வேகம் 0.39 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. அடிப்படை வேகம் என்ற இடத்தில் 1.80 என்று காட்டியது. இந்தச் செயலிக்கு இன்டெல் அறிவித்திருக்கும் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், கூடுதல் மின்திறனில் இயக்கும்போது 1.8 என்றும் ஓர் அமைப்பு உண்டு. பல மடிக்கணினிகளில் விண்டோஸ் அந்த இரண்டாவது எண்ணையே காட்டும். உச்ச வேகம் 3.4. ஆனால் கணினியில் எந்த வேலையைத் தொடங்கினாலும் எண் 0.39-ஐ விட்டு நகரவில்லை. வேலை இல்லாதபோது ஒரு செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது இயல்புதான். ஆனால் ஒரு பெரிய கோப்பைச் சுருக்கச் சொல்லி செயலி ஒரே நேரத்தில் ஓட்டக் கூடிய எட்டு இழைகளுக்கும் வேலை கொடுத்த பிறகும் எண் துளியும் அசையாமல் நிற்பது இயல்பு ஆகாது.

இந்த 0.39 எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்வது பயன் தரும். செயலியின் வேகம் ஓர் அடிப்படைக் கடிகாரத்தை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக் கிடைப்பது. அடிப்படைக் கடிகாரம் ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸ். இச்செயலிக்கு அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த பெருக்கெண் 4. ஆக 400 மெகாஹெர்ட்ஸ் என்பது அதன் அடித்தளம். அடிப்படைக் கடிகாரம் 100-க்கு ஒரு மயிரிழை குறைவாக ஓடுவதால் கணக்கு 399 என்று வந்து, திரையில் 0.39 ஆகிறது. மிகக் குறைந்த பெருக்கெண் 8 ஆக இருக்கும் செயலிகளில் இதே கோளாறு 0.79 என்ற எண்ணாகத் தோன்றும். வெப்பத்தால் வேகம் குறையும்போது எண் 2.1, 1.7, 1.9 என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அடித்தளத்திலேயே ஆணி அடித்தாற்போல நிற்கும் எண்ணுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் உண்டு.

இன்னொரு எண்ணும் இங்கே கவனத்துக்கு உரியது. செயலி முழு மூச்சில் உழைத்துக்கொண்டிருந்தபோதும் டாஸ்க் மேனேஜர் பயன்பாட்டை 22 விழுக்காடு என்றே காட்டியது. விண்டோஸ் 8 வந்தது முதல் பல ஆண்டுகளாக டாஸ்க் மேனேஜர் காட்டிவந்த விழுக்காடு, செயலி எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பதன் அளவன்று. அடிப்படை வேகத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு வேலை நடந்தது என்பதன் அளவு. 0.39-ஐ 1.80-ஆல் வகுத்தால் 22 விழுக்காடுதான் வரும். இதை அறியாதவர், செயலியில் முக்கால் பங்கு சும்மா இருக்கிறதே, அப்படியானால் குறை வட்டிலோ விண்டோஸிலோதான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடுவார். இந்தக் கணினிக்கு எஸ்எஸ்டி மாற்றப்பட்டதும் விண்டோஸ் மீண்டும் நிறுவப்பட்டதும் அந்த வழியில் நடந்தவையாகத்தான் இருக்க வேண்டும். பெர்ஃபாமன்ஸ் மானிட்டரில் செயலியின் நேரம், செயலியின் பயன் என்ற இரண்டு அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது முதலாவது 100-ஐத் தொட்டு நின்றது, இரண்டாவது 22-இல் கிடந்தது. கோளாறு செயலியின் வேகத்தில்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 37 என்ற எண்ணுள்ள எச்சரிக்கை வரிசையாகப் பதிவாகியிருந்தது. செயலியின் வேகத்தைக் கணினியின் ஃபர்ம்வேர், அதாவது தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரல், கட்டுப்படுத்துகிறது, கடந்த இத்தனை விநாடிகளாக அது குறைந்த நிலையிலேயே இருக்கிறது என்பது அந்த எச்சரிக்கையின் சாரம். அது காரணத்தைச் சொல்வதில்லை. ஆனாலும் வரம்பு விண்டோஸுக்கு வெளியே இருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. இந்தப் பதிவுகளில் முதலாவது எந்த நாளில், எந்த நேரத்தில் தோன்றியது என்று பார்க்க முடிந்திருந்தால் கோளாறு பிறந்த தருணமே கிடைத்திருக்கும். விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவியதில் அந்தச் சான்று போய்விட்டது. கணினி மந்தமாகிவிட்டது என்றவுடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கும் வழக்கத்தின் மீது எனக்குள்ள வருத்தம் இதனால்தான்: அது கோளாறை விட்டுவிட்டுத் தடயத்தை அழிக்கிறது.

விண்டோஸுக்கு வெளியே

விண்டோஸை முற்றிலும் விலக்கிப் பார்ப்பதற்காக யுஎஸ்பியிலிருந்து லினக்ஸை ஏற்றினோம். டர்போஸ்டாட் என்னும் கருவி அங்கும் 399 மெகாஹெர்ட்ஸையே காட்டியது. வேறோர் இயங்குதளம், வேறோர் இயக்கி, அதே எண். வெப்பநிலை 41 பாகை செல்சியஸ். இந்தச் செயலி தன் வெப்பத்துக்காகத் தானே வேகத்தைக் குறைக்கத் தொடங்குவது 100 பாகையில். ஆக வெப்பம் காரணம் அன்று; விண்டோஸும் காரணம் அன்று.

செயலிக்குள் அதன் நிலையைப் பதிந்துவைக்கும் பதிவகங்கள் உள்ளன. லினக்ஸில் அவற்றை நேரடியாகப் படிக்கலாம். மூன்று பதிவகங்களைப் படித்தோம். 19ஏ என்ற எண்ணுள்ள பதிவகம், கடிகாரத் துடிப்புகளில் ஒரு பகுதியை விட்டுவிட்டு ஓடும்படி செயலிக்குக் கட்டளை இடுவது. உறக்க நிலையிலிருந்து எழுந்த சில கணினிகளில் இந்தக் கட்டளை நீக்கப்படாமல் தங்கிவிடுவதுண்டு. இங்கே அது வெறுமையாக இருந்தது. 19சி என்ற பதிவகம் வெப்பநிலை குறித்த கொடிகளைக் கொண்டது. அதில் முதல் கொடி, அதாவது செயலி தானே சூடாகிவிட்டதைச் சொல்லும் கொடி, ஏறவில்லை. பிராக்ஹாட் என்னும் சமிக்ஞை வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லும் கொடி ஏறியிருந்தது. 1எஃப்சி என்ற பதிவகத்தின் கடைசி பிட், வெளியிலிருந்து வரும் அந்தச் சமிக்ஞைக்குச் செயலி கட்டுப்பட வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது. அது வழக்கம்போல 1 என்று இருந்தது.

பதிவகங்களைப் படிக்கத் தயங்குபவர்களுக்கு விண்டோஸில் த்ராட்டில்ஸ்டாப் என்ற கருவி இதையே எளிதாகக் காட்டுகிறது. அதன் வரம்புக் காரணங்கள் என்ற சிறு சன்னலில் இப்போது செயல்படும் வரம்பு சிவப்பிலும், முன்பு செயல்பட்டு ஓய்ந்தது மஞ்சளிலும் தெரியும். பிராக்ஹாட் என்ற பெட்டி அங்கே விடாமல் சிவந்திருந்தது.

பிராக்ஹாட் என்பது செயலியின் ஒரு கால் வழியாகத் தாய்ப்பலகைக்கு ஓடும் ஒற்றைத் தடம். தொடக்கத்தில் செயலி தான் சூடாகிவிட்டேன் என்று மற்றப் பாகங்களுக்கு அறிவிப்பதற்காக ஏற்பட்டது. இருதிசை வடிவத்தில் மற்றப் பாகங்களும் அதே தடத்தைப் பயன்படுத்திச் செயலியை அடக்கலாம். சாதாரண நிலையில் தடத்தில் மின்னழுத்தம் இருக்கும். அதனுடன் இணைந்த எந்தப் பாகமும் அதைத் தரையோடு, அதாவது பூச்சிய மின்னழுத்தத்துக்கு, இழுத்துவிட்டால், செயலி அந்தக் கணமே அடித்தளத்துக்கு இறங்கிவிடும். இதில்தான் ஆய்வாளருக்குத் தொல்லை. ரயிலின் அபாயச் சங்கிலியை எந்தப் பெட்டியிலிருந்தும் இழுக்கலாம், இழுத்தால் வண்டி நிற்கும், ஆனால் இழுத்த பெட்டி எது என்பதை இறங்கிப்போய்த்தான் பார்க்க வேண்டும். இந்தத் தடமும் அத்தகையதே. செயலிக்குத் தெரிவது யாரோ இழுத்திருக்கிறார்கள் என்பது மட்டும்.

இழுக்கக் கூடியவர்கள் சிலர். செயலிக்கு மின்சாரம் வழங்கும் மின்னழுத்தச் சீராக்கிகள் சூடானால் இழுக்கும். பேட்டரியையும் சார்ஜரையும் மேலாளும் சார்ஜிங் ஐசி என்னும் சில்லு, உள்ளே வரும் மின்னோட்டமோ பேட்டரியிலிருந்து வெளியேறும் மின்னோட்டமோ எல்லை தாண்டினாலும், கணினியின் மின்னழுத்தம் திடீரென்று சரிந்தாலும் இழுக்கும். விசைப்பலகை, விசிறி, பேட்டரி ஆகிய எல்லாவற்றையும் கண்காணிக்கும் இசி என்னும் சிறு கட்டுப்படுத்தி, தாய்ப்பலகையின் வெப்ப உணரிகள் தவறான அளவைக் காட்டினாலும், சார்ஜர் யாரென்று தெரியாவிட்டாலும் இழுக்கும். ஏஎம்டி செயலிகளிலும் இதே பெயரில் ஒரு தடம் உண்டு. இதே கோளாறு அவற்றிலும் வருகிறது.

சமிக்ஞையை முடக்கலாமா

த்ராட்டில்ஸ்டாப்பில் பிடி பிராக்ஹாட் என்ற பெட்டி, வெளியிலிருந்து வரும் பிராக்ஹாட்டுக்குச் செயலி கட்டுப்பட வேண்டுமா என்பதைக் குறிப்பது. அதன் குறியை எடுத்தவுடன் வேகம் 3.4-க்குத் தாவியது. கணினி உயிர்பெற்றாற்போல இருந்தது. இணையத்தில் இந்தக் கோளாறுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன: குறியை எடுங்கள், கணினி தொடங்கும்போதெல்லாம் அந்தக் கருவி தானே ஓடும்படி அமைத்துவிடுங்கள், வேலை முடிந்தது என்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை.

குறியை எடுப்பது சோதனையாக மிகச் சிறந்தது. வேகம் திரும்பியதால், கோளாறு செயலியில் இல்லை என்பதும் வெளியிலிருந்து யாரோ தடத்தை இழுக்கிறார்கள் என்பதும் ஐயமற உறுதியாயின. ஆனால் தீர்வாக அது அரைகுறை. செயலி தன்னுடைய வெப்பத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு தனியானது. அது 100 பாகையில் எப்போதும்போல இயங்கும். இழந்துபோவது செயலிக்கு வெளியே உள்ள பாகங்களின் பாதுகாப்பு. மின்னழுத்தச் சீராக்கி உண்மையிலேயே கொதித்துக்கொண்டிருந்தால், பேட்டரி உண்மையிலேயே தாங்க முடியாத மின்னோட்டத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால், அவை இழுக்கும் சங்கிலியைக் கேட்க இனி ஆள் இல்லை. இழுத்தவர் யாரென்று தெரிந்து, அவர் இழுத்ததற்குக் காரணமில்லை என்றும் உறுதியான பிறகு, மாற்றுப் பாகம் வரும்வரை தற்காலிகமாக முடக்கி வைப்பதை நான் ஏற்றுக்கொள்வேன். யாரென்று தெரியாமலே முடக்குவதை ஏற்க மாட்டேன். தவிர, அந்த மாற்றம் கணினியை மறுபடி தொடங்கினால் அழிந்துவிடும். உறக்கத்திலிருந்து எழும்போதும் பல கணினிகளில் பழைய நிலை திரும்பிவிடும். ஆகவே குறியை மீண்டும் போட்டுவிட்டுத் தேடலைத் தொடர்ந்தோம்.

இழுத்தது யார்

இசியைப் புதிதாகத் தொடங்கச் செய்வதற்காகப் பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் பார்த்தோம், பலன் இல்லை. கணினியைத் தொடங்கிவைக்கும் ஃபர்ம்வேரான பயாஸும் ஏற்கெனவே அண்மைப் பதிப்பில்தான் இருந்தது. இந்த இரண்டும் சில கணினிகளில் கோளாறைத் தீர்ப்பதால் செய்துபார்ப்பதில் தவறில்லை.

அடுத்து மின்வழிகளைத் தனித்தனியே பிரித்தோம். சார்ஜரை எடுத்துவிட்டுப் பேட்டரியில் மட்டும் ஓடவிட்டபோது, பிராக்ஹாட் பெட்டி சில நொடிகளில் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. வேகம் 0.39-இலிருந்து 1.79-க்கு ஏறியது, ஆனால் அதற்கு மேல் ஏறவில்லை. பேட்டரியிலும் அதே மந்தம் என்று உரிமையாளர் சொன்னது இப்போது விளங்கியது. பேட்டரியில் கணினி உண்மையிலேயே மந்தமாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறொரு மந்தம். விண்டோஸின் மின்திட்ட அமைப்பில், பேட்டரியில் ஓடும்போது செயலியின் உச்ச நிலை 99 விழுக்காடு என்று யாரோ அமைத்திருந்தார்கள். 100-க்கு ஒன்று குறைந்தாலும் டர்போ, அதாவது அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் ஏற்பாடு, நின்றுவிடும் என்பதால் வெப்பத்தைக் குறைக்க இதைப் பலரும் செய்கிறார்கள். அதை 100 என்று மாற்றியவுடன் பேட்டரியிலும் 3.4 கிடைத்தது. ஒரே பெயரில் சொல்லப்பட்ட இரண்டு கோளாறுகள் இவ்வாறு பிரிந்தன. 1.79-க்கும் 0.39-க்கும் இடையே நான்கு மடங்குக்கு மேல் வேறுபாடு இருந்தும், மந்தத்தால் சலித்துப்போன ஒருவருக்கு இரண்டும் ஒன்றாகவே படும். அவர் சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டிருந்தால், சார்ஜரோடு தொடர்பில்லாத பாகங்களை, முக்கியமாக மின்னழுத்தச் சீராக்கிகளையும் வெப்ப உணரிகளையும், துருவிக்கொண்டிருந்திருப்போம்.

ஆக, சார்ஜர் செருகப்பட்டால் மட்டுமே சங்கிலி இழுக்கப்படுகிறது. சார்ஜரைச் செருகியபோது பேட்டரிக் குறியின் அருகே, செருகப்பட்டுள்ளது, ஆனால் சார்ஜ் ஆகவில்லை என்ற வாசகம் வந்தது. பேட்டரி 34 விழுக்காட்டில் நின்று ஏறாமல் இருந்தது. பயாஸின் மின்சாரப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, சார்ஜரின் வகை என்ற இடத்தில் அறியப்படவில்லை என்று எழுதியிருந்தது. இப்படி ஒரு நிலை இருந்தால் கணினி தொடங்கும்போதே திரையில் எச்சரிக்கை வர வேண்டும். அதே பயாஸில் சார்ஜர் பற்றிய எச்சரிக்கை அணைத்து வைக்கப்பட்டிருந்ததால் யாருடைய கண்ணிலும் படவில்லை.

சார்ஜர் யாரென்று ஒரு கணினி ஏன் அறிய வேண்டும்? 65 வாட் சார்ஜர் 19.5 வோல்ட்டில் 3.34 ஆம்பியர் தரும். 90 வாட் சார்ஜர் அதே 19.5 வோல்ட்டில் 4.62 ஆம்பியர் தரும். செருகும் முனை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். எவ்வளவு தாங்கும் என்று தெரியாத ஒரு சார்ஜரிடமிருந்து பேட்டரிக்கும் செயலிக்கும் சேர்த்து முழு மின்னோட்டத்தை இழுத்தால் அது சூடாகும், அல்லது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அதனால் சில வகைச் சார்ஜர்களில் செருகுமுனையின் நடுவே ஊசிபோன்ற மெல்லிய பின் ஒன்று இருக்கிறது. வெளி உருளை தரை, உள் உருளை 19.5 வோல்ட், நடுப் பின் அடையாளத்துக்கு. சார்ஜருக்குள் இருக்கும் ஒரு சிறு நினைவக ஐசி, தான் எத்தனை வாட் என்பதை அந்த ஒற்றைக் கம்பி வழியாகச் சொல்கிறது. பதில் வராவிட்டால், இது மிகச் சிறிய சார்ஜராக இருக்கக் கூடும் என்று எடுத்துக்கொண்டு, இசி பேட்டரிக்குச் சார்ஜ் செய்வதை நிறுத்திச் செயலியையும் அடித்தளத்துக்கு இறக்குகிறது. முரட்டுத்தனமான முடிவாகத் தோன்றலாம். பாதுகாப்பை மட்டும் நோக்கினால் நியாயமான முடிவுதான். அதன் காரணத்தைப் பயனருக்குத் தெளிவாகச் சொல்லாமல் விடுவதுதான் குறை.

யுஎஸ்பி-சி சார்ஜர்களில் இந்த உரையாடல் வேறு வடிவில் நடக்கிறது. அங்கே சார்ஜரும் கணினியும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பேசி முடிவு செய்கின்றன. பேச்சு முறிந்தால் 5 வோல்ட்தான் கிடைக்கும். 3 ஆம்பியருக்கு மேல் கொண்டுபோக வேண்டுமானால் கேபிளுக்குள்ளும் ஓர் அடையாள ஐசி தேவை. அது இல்லாத கேபிளோடு 100 வாட் சார்ஜரை வைத்தாலும் 20 வோல்ட்டில் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் மட்டுமே வரும். கேபிளை மாற்றியவுடன் வேகம் திரும்பியதாகச் சொல்லப்படும் நிகழ்வுகள் பலவற்றின் பின்னால் இதுதான் இருக்கும்.

சார்ஜரா, சாக்கெட்டா

மல்டிமீட்டரில் சார்ஜர் 19.6 வோல்ட் காட்டியது. இந்த அளவீட்டோடு சார்ஜர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. ஆனால் நடுப் பின்னைப் பற்றி இந்த அளவீடு எதுவுமே சொல்வதில்லை. எனவே குறுக்குச் சோதனை செய்தோம். நன்றாக இயங்கும் இன்னொரு 65 வாட் சார்ஜரை இந்தக் கணினியில் செருகியபோதும் அறியப்படவில்லை என்றே வந்தது. இந்தக் கணினியின் சார்ஜரை அதே மாதிரியின் வேறொரு கணினியில் செருகியபோது 65 வாட் என்று உடனே அடையாளம் கண்டது. குறை சார்ஜரில் இல்லை, கணினிக்குள்தான் என்பதை இந்த இரண்டு சோதனைகளும் சேர்ந்தே நிறுவுகின்றன. ஒன்றை மட்டும் செய்திருந்தால் ஐயத்துக்கு இடம் இருந்திருக்கும்.

அடிமூடியைக் கழற்றி, முதல் வேலையாகப் பேட்டரியின் கனெக்டரை விடுவித்தோம். இந்த மாதிரியில் சார்ஜரைச் செருகும் சாக்கெட்டான டிசி ஜாக் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்படாமல், நான்கு விரற்கடை நீளமுள்ள கம்பிக் கற்றையோடு தனிப் பாகமாக இருக்கிறது. மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பிகள் தடித்தவை, பல இணைகளாக வருபவை. அடையாளக் கம்பி ஒன்றே ஒன்று, நூல்போல மெல்லியது. கற்றை ஜாக்கிலிருந்து வெளிப்பட்டவுடன் திரைக் கீலின் காலடியில் ஏறத்தாழச் செங்கோணத்தில் வளைகிறது. இணைப்பு இருந்தால் ஒலிக்கும்படி வைத்த மல்டிமீட்டரின் ஒரு முனையை ஜாக்கின் நடுத் தொடர்பிலும் மறுமுனையைக் கனெக்டரின் அடையாளக் காலிலும் வைத்தோம். கற்றையை நேராக நீட்டியபோது பீப் ஒலி வந்தது. கணினிக்குள் அது கிடந்த அதே வளைவுக்குக் கொண்டுவந்ததும் ஒலி நின்றது. மீண்டும் நீட்டினால் விட்டுவிட்டு வந்தது. தடித்த கம்பிகள் எந்த நிலையிலும் ஓர் ஓமுக்குக் குறைவாகவே காட்டின. மேலுறையில் கீறல்கூட இல்லை. ஆனால் ஜாக்கை ஒட்டிய இடத்தில் விரலால் அழுத்தினால் மற்ற இடங்களைவிட அந்த இடம் துவண்டு மடிந்தது. உறைக்குள்ளே செம்பு முறிந்திருந்தது. சார்ஜரைப் பக்கவாட்டில் இடித்தும் இழுத்தும் பல காலம் பயன்படுத்தும்போது ஜாக் சற்றே அசையும். அந்த அசைவைத் தடித்த கம்பிகள் தாங்கிக்கொள்ளும், மெல்லிய கம்பிதான் முதலில் முறியும். மின்சாரம் தடையின்றி வந்து, அடையாளம் மட்டும் வராமல் போனதன் காரணம் இதுதான்.

புதிய கற்றையைப் பொருத்தும் முன் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டியிருந்தது. செருகுமுனையைச் சாய்வாக இழுக்கும்போது 19.5 வோல்ட் உருளை நடுத் தொடர்பை ஒரு கணம் உரசிவிட்டால், அந்த மின்னழுத்தம் அடையாளக் கம்பி வழியாகத் தாய்ப்பலகைக்குப் பாய்ந்து, அங்குள்ள சிறு பாதுகாப்பு டையோடையோ இசியின் காலையோ எரித்துவிடக் கூடும். அப்படி நேர்ந்திருந்தால் புதிய கற்றையால் பயன் இராது. பழுது தாய்ப்பலகை மட்டத்தில் நடக்க வேண்டும். தாய்ப்பலகையின் கனெக்டரில் அடையாளக் காலுக்கும் தரைக்கும் இடையே அளந்ததில் குறுக்கிணைப்பு எதுவும் இல்லை. அதன் பிறகே கற்றையை மாற்றினோம். வேலை இரண்டு திருகுகளும் ஒரு கனெக்டரும்தான். புதிய கற்றையைப் பழைய செங்கோண வளைவில் மடிக்காமல், கீலின் அடியில் இருக்கும் இடத்தைப் பயன்படுத்திச் சற்று அகன்ற வளைவாக விட்டோம்.

மாற்றிய பின்

கணினியைத் தொடங்கியதும் பயாஸின் மின்சாரப் பக்கத்தில் 65 வாட் என்று வந்தது. பேட்டரி சார்ஜ் ஏறத் தொடங்கியது. த்ராட்டில்ஸ்டாப்பில் பிடி பிராக்ஹாட் குறி போட்டே இருந்தது. பிராக்ஹாட் பெட்டி நிறமின்றிக் கிடந்தது. அதே பெரிய கோப்பைச் சுருக்கும் வேலையை மீண்டும் கொடுத்தோம். வேகம் முதல் சில விநாடிகள் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி நின்று, பிறகு இறங்கி 2.5 அளவில் நிலைகொண்டது. வெப்பநிலை 80 பாகைகளில் இருந்தது. இந்த இறக்கத்தைப் பார்த்துக் கோளாறு இன்னும் தீரவில்லையோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இது நீண்ட நேர ஓட்டத்துக்கு 15 வாட் என்று வகுக்கப்பட்ட செயலி. சிறிது நேரம் அதைவிட அதிக மின்திறனை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு, அந்த நேரம் கழிந்ததும் 15 வாட்டுக்கு ஏற்ற வேகத்துக்கு வந்துவிடும். வரம்புக் காரணங்கள் சன்னலில் அப்போது சிவந்தது மின்திறன் வரம்பின் பெட்டி. அது அந்தச் செயலியின் இயல்பான எல்லை.

பிராக்ஹாட் சிவப்பை முதலில் பார்த்தபோது வெப்ப உணரியோ சீராக்கியோ என்றுதான் பலருக்கும் தோன்றும், பெயரிலேயே வெப்பம் இருப்பதால். உண்மையில் மடிக்கணினி 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸில் நின்றுவிட்டால், முதலில் சார்ஜரை எடுத்துவிட்டு வேகத்தின் எண்ணைப் பார்ப்பதையும், பயாஸில் சார்ஜரின் வாட் சரியாகத் தெரிகிறதா என்று பார்ப்பதையுமே நான் பரிந்துரைப்பேன். இரண்டுக்கும் கருவி வேண்டாம், திருப்புளி வேண்டாம். சார்ஜரை எடுத்த பிறகும் பிராக்ஹாட் நீடித்தால் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் பேட்டரி இல்லாத நிலையில், மின்னோட்டத்தின் திடீர் ஏற்றத்தைச் சார்ஜர் தனியாகத் தாங்காது என்று கருதிச் சில மாதிரிகள் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அந்த முடிவைப் படிக்க வேண்டும். அதிலும் விடை கிடைக்காவிட்டால்தான் தாய்ப்பலகையில் உணரிகளையும் சீராக்கிகளையும் ஒவ்வொன்றாக அளக்கும் நீண்ட வேலை.

கணினியைத் திருப்பித் தருமுன் பயாஸில் சார்ஜர் எச்சரிக்கையை மீண்டும் இயக்கினோம். விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்துப் பார்த்ததில், 42 வாட்-மணி கொள்ளளவுக்கு வடிவமைக்கப்பட்ட பேட்டரி இப்போது 27 வாட்-மணியே ஏற்கிறது. இந்த நிகழ்வில் அதற்குப் பங்கில்லை. ஆனால் தேய்ந்த பேட்டரி ஒருநாள் கடும் சுமையில் தேவையான மின்னோட்டத்தைத் தர முடியாமல் போகும்போது, சார்ஜிங் ஐசி அதே தடத்தை இழுக்கும்; அப்போது 0.39 என்ற எண் சார்ஜர் இல்லாத நேரத்தில் தோன்றும். அப்படித் தோன்றினால் பேட்டரியைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்று உரிமையாளரிடம் எழுதிக் கொடுத்தோம்.